மூன்றாம் சிலிண்டரின் மூச்சு

பொழுது சாய்ந்து, எதிர்வரிசை பேக்கரியில் கடைசி பன் தட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. சூடு ஆறாத டீயை உதட்டோரம் வைத்து யாரோ உறிஞ்சுவதுபோல ஒரு நீள இழுப்பு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு வேலை முடிந்து வந்த ஆள் நாற்காலியில் சாய்கிறபோது விடுவானே, அப்படி ஒரு பெருமூச்சு. வினோதினி முதலில் தன் குழந்தையைத்தான் சந்தேகப்பட்டாள். நாலு மாசத்துப் பிள்ளை ஆதிரை நடு அறையில் சேலைத் தொட்டிலில் கிடந்தது. அதன் மார்பில் காதை வைத்தாள். கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் தெரிகிற துடிப்பு மட்டும்தான் அங்கே இருந்தது. சத்தம் வீட்டின் பின்னாலிருந்து வந்தது, அவள் புருஷன் கிரிதரனின் பட்டறையிலிருந்து, கம்ப்ரசரை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்ட பிறகு அங்கே இருட்டில் மேஜைமேல் தனியாக உட்கார்ந்திருந்த எஞ்சினிலிருந்து.

அது சபரிநாதன் ஓட்டிய ரேஸ் காரின் எஞ்சின். சபரிநாதன் கிரிதரனுக்கு அண்ணன். வினோதினி இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே ஒரு பந்தயத்தில், கடைசிச் சுற்றில், வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டவர். கார் அப்பளமாக நொறுங்கியது, எஞ்சினில் ஒரு கீறல் இல்லை. அன்று காலை அவர் கிளம்பும்போது அவர் மனைவி சாந்தாமணி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். குளியலறைக்கு வெளியே நின்றபடி, "கதவத் தாழ் போட்றாத சாந்தா, வெரசா வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ் போடுவது கிடையாது. தெருக்கதவு, நடுக்கதவு, பட்டறைக் கதவு என்று மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. கோயமுத்தூரில் கணபதி தாண்டி, பம்ப் கம்பெனிகளும் லேத்துகளும் கிரைண்டர் கல் கொத்துகிறவர்களும் தோளோடு தோள் உரச இருக்கிற அந்த வீதியில் போகிற யாரும் நின்று பார்த்தால், வாசலிலிருந்து பட்டறையின் பின்சுவர் வரைக்கும் தெரியும். திருடன் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம், "வந்தா எம்பட பேரைச் சொல்லிக் காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்" என்பாள் சாந்தாமணி. புருஷன் படத்துக்கு மாலை போட அவள் யாரையும் விட்டதில்லை, தன் நெற்றிப் பொட்டின் பக்கம் யார் கையையும் வரவிட்டதில்லை.

மூன்று வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த எஞ்சினை அண்ணன் பேரில் ஒரு தடவையாவது ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கிரிதரன் வெளியே எடுத்தான். எஞ்சின் என்பது அடைத்துவைத்த மூச்சு, வேறொன்றுமில்லை என்று அவன் அடிக்கடி சொல்வான். உள்ளே இழுத்ததை வெளியே விடாமல் அமுக்கிப் பிடித்தால்தான் தீப்பிடிக்கும், தீப்பிடித்தால்தான் ஓட்டம். நாலு சிலிண்டரில் மூன்று சிலிண்டர் அமுக்கிப் பிடித்தது, மூன்றாம் நம்பர் மட்டும் பிடிக்கவில்லை. அமுக்கத்தைக் காட்டுகிற கேஜின் முள் பாதி ஏறிவிட்டு மனசு மாறியதுபோல இறங்கிவிடும்.

முதலில் பிளக் துளை வழியே ஒரு முழுங்கு ஆயில் ஊற்றிப் பார்த்தான். முள் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். முள் முன்னைவிடக் கீழே போனது. பிறகு பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளையில் குழாயை மாட்டிக் காற்றைக் கொடுத்துவிட்டு, எங்கே கசிகிறது என்று காதால் தேடினான். கார்புரேட்டர் வாயில் இரைந்தால் ஒரு வால்வு, புகைக்குழாயில் இரைந்தால் இன்னொரு வால்வு, ஆயில் மூடியில் இரைந்தால் ரிங், ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் கேஸ்கட். இந்த நாலு வழியைத் தவிர ஐந்தாவது வழி எந்த எஞ்சினுக்கும் கிடையாது. நாலிலும் ஒரு இரைச்சல் இல்லை. ஆனால் காற்று போய்க்கொண்டேயிருந்தது.

வாசலில் பஞ்சர் கடை ஹனீபா பாய் வந்து நின்றார்.

"கிரி தம்பி, எங் கடைல கழட்டிப் போட்ட டியூப் தானா உப்புது. நீ இங்க என்னத்தப் பண்ணீட்டிருக்கற?"

"காத்துக் குடுக்கறேன் பாய். எங்க போகுதுன்னுதான் தெரீல."

"எங்கிட்டத்தான் வருது. நிப்பாட்டீராத, லாரி டியூப் ரெண்டு கெடக்குது."

அன்று பொழுதோடுதான் குழாயும் இல்லாமல், கம்ப்ரசரும் இல்லாமல், எஞ்சின் தானாகவே மூச்சுவிட ஆரம்பித்தது.

வீதி அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஒரு குழாயடி வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்களே, அப்படித்தான் போனார்கள். ஹனீபா பாய் தன் கம்ப்ரசரைத் துணி போட்டு மூடிவிட்டு, டியூபுகளை ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவைத்தார், அவை ஒன்றன்பின் ஒன்றாக உப்பின. பேக்கரி ஆறுச்சாமியின் அடுப்பு விறகில்லாமல், ஊதாமலே கனன்றது, அவருடைய தேங்காய் பன் முன்பில்லாத உயரத்துக்கு எழும்பியது, பக்கத்து வீதிக்காரர்கள் தூக்குச் சட்டியோடு வந்து நின்றார்கள். கல் கொத்துகிறவர்களின் கண்ணில் தூசி விழுவது நின்றது. தலைக்குக் குளித்த பெண்கள் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் கூந்தலை யாரோ விரலால் கோதிவிடுவதுபோலக் காய்ந்தது. பிள்ளைகள் கூடத்துக்குள் பட்டம் விட்டார்கள். அந்தக் காற்றில் பெட்ரோலும் ஏலக்காயும் கலந்த வாசம் அடித்தது. சபரிநாதன் எந்நேரமும் ஏலக்காய் மெல்லுகிறவர், அதனால் அது யார் மூச்சு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இன்னிக்கு சபரி நல்லா வர்றான்" என்று பேசிக்கொண்டார்கள், மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. முன்னொரு காலத்தில் அவரிடம் பந்தயத்தில் தோற்று, தோற்றதற்கு என்னென்னவோ பழி சொல்லித் திரிந்த ஒருவர் எங்கிருந்தோ ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டு வாசலில் நின்று முகத்தில் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு, அழுதுவிட்டுப் போனார். சாந்தாமணி அவருக்கும் காப்பி கொடுத்தாள். அவளுடைய நடையே மாறியிருந்தது. கொலுசைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள், பாத்திரம் கழுவும்போது பாடினாள்.

வெளியே விடுகிற மூச்சைப் பற்றித்தான் வீதி முழுக்கப் பேசியது. உள்ளே இழுக்கிற மூச்சு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, வினோதினியைத் தவிர.

ஏனென்றால் அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் அந்த நீள இழுப்பு தொடங்குகிறபோதெல்லாம் தொட்டிலில் ஆதிரையின் மார்பு குழி விழும், விலா எலும்புகள் சீப்புப் பற்களாகத் தெரியும், உதட்டில் நாவல்பழத் தோலின் நிறம் ஏறும், குழந்தை வாயைத் திறந்து காற்றைத் தேடும், அதற்குக் காற்று கிடைக்காது. எஞ்சின் பெருமூச்சு விட்டதும் எல்லாம் சரியாகிவிடும், பிள்ளை ஒன்றும் நடக்காததுபோலக் கைவிரலைச் சப்பும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, தாய்க்குத்தான் தூக்கம் போதவில்லை என்றார். படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபம்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. இந்த வீட்டுச் சாமிகளின் பேரைவிட அதுதான் நாக்கில் முதலில் நின்றது. ஒரு ஜெபம் முடிவதற்குள் இழுப்பு முடிந்துவிட்டால் அவள் மறுபடியும் மூச்சுவிடுவாள். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் ஜெபம்தான் முந்தி முடிந்துகொண்டிருந்தது.

குழந்தைக்கு மருந்து புகட்டப் பாலாடையை, அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, எடுத்த அன்றைக்குத்தான் கிண்ணத்தின் மூக்கோரத்தில் கறுப்பாக ஒரு வளையத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல என்னுங்க எண்ணெ?"

கிரிதரன் நிமிர்ந்து பார்த்தான். "அதா? மூணாம் நம்பருக்கு அன்னிக்கு ஆயில் ஊத்துனேன். புனல் கெடைக்கல. இது அளவாப் புடிச்சுது, மூக்கு வேற இருக்குதா, சிந்தவே இல்ல. கழுவித்தான வெச்சேன்."

"கொழந்தையோட பாலாடைங்க!"

"பெட்ரோல்ல கழுவுனேன் வினோ."

"பெட்ரோல்லயா?"

சமையலறையிலிருந்து வந்த சாந்தாமணி பாலாடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரே பாலாடைல குடிச்சா ரெண்டும் பங்காளியாச்சே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பங்காளி என்கிற சொல் அந்த அறையை விட்டுப் போகவில்லை. பங்காளி என்றால் பங்கு கேட்பான். நிலத்தில் கேட்பான், வீட்டில் கேட்பான், கிணற்றுத் தண்ணீரில் முறைவைத்துக் கேட்பான். மூச்சில் கேட்டால் எப்படி அளந்து கொடுப்பது?

வினோதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கேயும் பொழுது சாய்ந்ததும் தொட்டில் சேலை கோயமுத்தூர்ப் பக்கமாகவே உப்பியது. தூரத்தால் இழுப்பு இன்னும் நீண்டது, உதடு இன்னும் கறுத்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குள் கிரிதரனுக்கும் பயம் வந்துவிட்டது. எஞ்சினைப் பிரித்தான். ஹெட் ஒரு மேஜையில், பிளாக் ஒரு மேஜையில், வால்வுகள் கிண்ணத்தில் என்று ஆகிவிட்ட பிறகும் எல்லாத் துண்டுகளும் சேர்ந்து இழுத்தன, சேர்ந்து விட்டன. வால்வு பளிங்காக இருந்தது, சிலிண்டர் சுவரில் ஒரு கோடு இல்லை, கேஸ்கட் புதுசு. ரிங்குகளைப் பார்த்தபோதுதான் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. பட்டறைப் பேச்சில் அதற்கு வாய் என்று பேர். மூன்று வாயும் மூன்று திசை பார்க்கிற மாதிரிதான் மாட்ட வேண்டும். ஒன்றுக்கு நேராக ஒன்று வந்துவிட்டால், அமுக்கிய காற்று அந்த வாய்கள் வழியே நேராக நடந்து போய்விடும். எஞ்சினை வெளியே எடுத்துச் சேர்த்தபோது கிரிதரன் வாய்களைப் பிரித்துத்தான் மாட்டியிருந்தான், அது கைப்பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்வான். இப்போது மூன்றும் ஒரே வரிசையில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திருப்பி வைத்தான். காலையில் பார்த்தால் மறுபடியும் ஒரே வரிசை.

"ஓடாத எஞ்சின்ல ரிங்கு எப்படிச் சுத்தும்? ஓடுனாத் திரும்பும், ஒத்துக்கறேன். இது மேஜைமேல ஒக்காந்துட்டிருக்குது."

வினோதினி குழந்தையைத் தோளில் போட்டபடி குனிந்து அந்த மூன்று வாய்களையும் பார்த்தாள். அவை பார்க்கிற திசையில் நிமிர்ந்து பார்த்தாள். பட்டறைக் கதவு, அதற்கு நேராக நடுக்கதவு, அதற்கு நேராகத் தெருக்கதவு, அதற்கப்பால் வெயிலில் ஆறுச்சாமி பேக்கரியின் போர்டு.

"ஏனுங்க, ரிங்க விடுங்க. நம்ம வீட்டுக்கு எத்தன வாயி, எண்ணிப் பாருங்க."

அவன் எண்ணவில்லை. அந்த நேர்கோட்டைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினான். சும்மா சாத்தினால் அது யாரோ தள்ளியதுபோலத் திறந்துகொண்டது. நாற்காலியை முட்டுக் கொடுத்தான், நாற்காலி நகர்ந்து வழிவிட்டது. அந்தக் கதவின் தாழ் பட்டறைக்கு உள்பக்கம் இருந்தது, ஒரு முழ நீளத்துக் கம்பித் தாழ். மூன்று வருஷம் அசையாமல் கிடந்ததில் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது. ஆயில் விட்டான், சுத்தியலால் தட்டினான், கேஸ் டார்ச்சால் சூடு காட்டினான். அரை அங்குலம்கூட நகரவில்லை. ஊரிலுள்ள ரேஸ் எஞ்சின்களின் முறுக்கிய போல்ட்டையெல்லாம் கழற்றுகிற கை அது. அது அந்தத் தாழிடம் தோற்றுவிட்டது.

சுத்தியல் சத்தம் வீதிக்குக் கேட்டிருந்தது. சாயங்காலம் ஆறுச்சாமி ஒரு பொட்டலம் பன்னோடு வந்தார், பின்னால் நாலைந்து பேர்.

"அம்மணி, தாழ் போடப் போறீங்ளாமா?"

"எங் கொழந்தைக்கு மூச்சு நிக்குதுங்கண்ணா."

"சளியாட்ட இருக்கும் கண்ணு. கற்பூரவல்லி அரைச்சுக் குடு. எம்பட பேத்திக்குக்கூட இப்படித்தான். இத்தன நாளுக்கப்புறம் அந்த மனுசன் வந்து வீதிக்கே நல்லது பண்ணீட்டிருக்கறான், மூஞ்சில அடிக்கறாப்பல கதவச் சாத்துனா நல்லாவா இருக்கும்?"

"உங்க அடுப்பு எரியோணும்னு சொல்லுங்கண்ணா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆறுச்சாமி சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள, பேசத் தெரியும்" என்று பன்னை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். ஹனீபா பாய் மட்டும் நின்று குழந்தையை எட்டிப் பார்த்தார், அதன் நெற்றியில் ஊதி எதையோ ஓதிவிட்டுப் போனார். அடுத்த நாள் அவர் கடையில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டது. வீதியில் அவர் ஒருவர்தான்.

சாந்தாமணி இதையெல்லாம் நடு அறையின் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் பேசுவதற்குத்தான் வினோதினி ரொம்பப் பயந்தாள். இழந்தவளிடம் போய், வந்ததையும் விட்டுவிடு என்று எப்படிக் கேட்பது? அதனால் அவள் பேசவில்லை. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சாந்தாமணியின் கையைப் பிடித்துத் தொட்டிலருகே உட்காரவைத்தாள். குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்து, காற்றில் ஒரு தட்டு தட்டினாள். வெள்ளைத் தூள் தொட்டிலுக்குமேல் சின்ன மேகமாக நின்றது.

பட்டறையில் இழுப்பு தொடங்கியது.

மேகம் கலையவில்லை, ஒரு நூலாக நீண்டது. ஆதிரையின் திறந்த வாயிலிருந்து கிளம்பியதுபோல அந்த வெள்ளை நூல் தொட்டிலின் விளிம்பைத் தாண்டி, அறையைத் தாண்டி, பட்டறைக் கதவைத் தாண்டி, எஞ்சின் கிடந்த மேஜைவரைக்கும் அறுபடாமல் போய், பிளாக்கின் மூன்றாம் குழிக்குள் இறங்கியது. குழந்தையின் மார்பு குழிந்தது. உதடு கறுத்தது. ஜெபம் முடிந்தது, இன்னொன்று தொடங்கி அதுவும் பாதி போனது. கைவிரல்கள் விரிந்து காற்றைப் பிடிக்கப் பார்த்தன, பிறகு பார்க்காமல் விட்டன.

சாந்தாமணி நூலைக் கையால் வெட்டினாள். அது அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டு போனது. பெருமூச்சு வந்தது, ஏலக்காய் வாசம் அறையை நிறைத்தது, வீதியில் யாரோ "வந்துட்டான்" என்று குரல் கொடுத்தார்கள், ஆதிரை விக்கி ஒரு அழுகை அழுதது.

"அவுரு அப்பிடிப் பண்ற ஆளில்ல வினோ" என்றாள் சாந்தாமணி. குரல் அடியில் போயிருந்தது. "கொழந்தைகன்னா உசுரு அவுருக்கு."

"தெரிஞ்சு பண்ணலீங்க்கா. அவுரு இங்க நிக்க மூச்சு வேணும், மூச்சு நிக்க மாட்டேங்குது. இழுக்கறதெல்லாம் தெருவுக்குப் போயிருது. மறுக்கா இழுக்கறாரு."

"நாந் தாழ் போட்டுட்டு, அப்பப் பாத்து அவுரு வந்து தட்டுனா?"

"அவுரு வந்து எத்தன நாளாச்சுங்க்கா. வந்து ஒக்காரத்தான் எடமில்ல. தொறந்த கதவுல வர்றாரு, தொறந்த கதவுலயே போயிர்றாரு."

சாந்தாமணி தன் விரல்களில் ஒட்டியிருந்த பவுடரைப் பார்த்தாள். அதன் பிறகு எழுந்தாள். முகம் கழுவினாள், பொட்டைத் திருத்திக்கொண்டாள், கிரிதரன் ஏதோ சொல்ல வந்ததைக் கையமர்த்தினாள். வாசலுக்குப் போய், எதிர்க்கடையைப் பார்த்து, "ஆறுச்சாமியண்ணா, நாளைக்கு வெறகு சொல்லி வெச்சுக்குங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருக்கதவைச் சாத்தினாள். அது உடனே திறந்துகொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிலருகே நின்று ஆதிரையின் உள்ளங்காலை ஒருமுறை தொட்டாள். பட்டறைக்குள் போய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அக்கா, நானும் வர்றேன். அது தனி ஆளுக்கு நகராது. உங்க கொழுந்தனாராலயே முடியல."

"நீ அக்கட்டயே இரு. புள்ளயப் பாரு."

அவள் கதவைச் சாத்தினாள். அது திறந்துகொள்ளப் பார்ப்பதும், உள்ளே அவள் தோளைக் கொடுத்து நிறுத்துவதும் பலகை அதிர்வதில் தெரிந்தது. வினோதினி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவில் காதை வைத்தாள். துரு முனகியது. வளையல்கள் கம்பியில் மோதின. மறுபடியும் துரு, மறுபடியும் வளையல், ஒரு மூச்சிரைப்பு, வலியில் ஒரு "ஸ்". அவளுக்குப் பின்னால் கிரிதரன் சுத்தியலைத் தேடிக்கொண்டு ஓடினான். அந்த நேரத்தில் பட்டறையில் இழுப்பு தொடங்கியது. வினோதினியின் கைக்குள் ஆதிரையின் முதுகு விறைத்தது. "அக்கா" என்று கத்தினாள், "அக்கா, வெரசா!" உதடு கறுத்தது, அதைத் தாண்டி மூக்கும் கறுத்தது. ஜெபத்தின் ஒரு வார்த்தைகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

உள்ளே வளையல் சத்தம் நின்றது. பிறகு சாந்தாமணியின் குரல் கேட்டது. அது அழுகிற குரலில்லை, கெஞ்சுகிற குரலுமில்லை. கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போதோ, பீரோவைத் தள்ளும்போதோ, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கிற புருஷனிடம் எந்த வீட்டிலும் பேசுகிற குரல்.

"பாத்துட்டே நிக்கறீங்ளே. சித்த வந்து தள்ளுங்க."

இழுப்பு பாதியில் அறுந்தது. ஆதிரை வாய்நிறையக் காற்றை விழுங்கி வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கு நடுவே, மூன்று வருஷத் துருவையும் ஒரே தள்ளில் உதறிவிட்டு, கதவின் அந்தப் பக்கம் தாழ் கடைசிவரைக்கும் போய் விழுந்தது.